யோகா பாய்க்கு ஒரு கழிப்பறை

ஊரார் உடம்பை நாள் முழுக்கத் துடைத்துவிடும் வேலை நமக்கு. நாம் ஒதுங்கத்தான் இடம் கிடையாது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடி வார்டில் நான் ஆயா. உங்களில் ஆஸ்பத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

தண்ணீர் குடிக்காத சிஸ்டர்

ஆவூர்ப் பெண் ஸ்டெல்லா எங்கள் வார்டு நர்ஸ். என் மகள் வயதுதான். டூட்டியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் கீழ்த்தளம் வரை இறங்கிப் போக வேண்டும். அதற்குள் இங்கே பெல் அடித்துத் தீர்த்துவிடுவார்கள். ஒருநாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நான்தான் வம்படியாகக் கீழே அனுப்பினேன். உடனே ஒரு நோயாளியின் மாமியார்: "நர்சுன்னு பேரு, எப்பப் பாத்தாலும் பாத்ரூமு!"

வந்தது யோகா

ஊழியர் நலமாம். டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை நிறுத்தி மூச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அறிவுரை வேறு. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்.

மேனேஜரிடம் போய், "சார், ரிப்பேர் முடிஞ்சும் மாடியில எங்க பாத்ரூம் பூட்டியே கெடக்கு. அதைத் தொறந்துவிட்டா போதும்" என்றேன். அவர் சிரித்த முகமாகச் சொன்னார்: "அதுலதானம்மா ஒங்க யோகா பாயெல்லாம் அடுக்கி வச்சிருக்கு!"

அரைக்காசம்மனுக்கு வெல்லம்

கடைசியில் ஸ்டெல்லாவுக்குக் குளிர்க்காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்று எங்கள் வார்டிலேயே படுக்க வைத்தார்கள். மேனேஜர் பதறிப்போய் பாத்ரூமைத் திறக்கச் சொன்னார். சாவியைக் காணோம்! எனக்கு வீடு திருக்கோகர்ணம். காணாமல் போனதற்கு எங்கள் அரைக்காசம்மன் இருக்கிறாள். வெல்லம் வைக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் மேனேஜரின் கார் சாவிக் கொத்திலேயே அது தொங்கியது.

ஸ்டெல்லாவிடம் சொல்ல ஓடினேன். குளுக்கோஸ் ஏறும் கையோடு நோயாளி அறையை ஒட்டிய பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவள் சொன்னாள்: "ஆயாம்மா, வேலைக்குச் சேந்து இன்னைக்குத்தான் நிம்மதியாப் போயிட்டு வாரேன்."

பாய் போன இடம்

பாய்களை எங்கே வைப்பது? "நனையாத எடமா, பூட்டுற எடமாப் பாத்து நீங்களே வைங்க" என்று மேனேஜர் டீ குடிக்கப் போய்விட்டார். நானும் வாட்ச்மேன் அண்ணனும் எல்லா இடமும் பார்த்தோம். மேனேஜர் அறைக்குள் இருக்கும் அவருடைய பாத்ரூம்தான் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் சுத்தமாக இருந்தது. கூரைவரை அடுக்கிவிட்டோம்.

டீ குடித்து வந்தவர் கதவைத் திறந்ததும் அலறினார்: "ஏம்மா, இதுல அடைச்சு வச்சா நான் எங்கிட்டுப் போறது?"

பாய்கள் அன்றைக்கே வேறு அறைக்குப் போய்விட்டன. ஊழியர் நலம் என்பது மேலே இருப்பவர்களுக்கு முட்டிக்கொண்டு வரும்போதுதான் பிறக்கும் போலிருக்கிறது, தாயே.