அச்சில் எடுத்த உடம்பு

கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் என்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் தான் வேலை பார்த்த பட்டறைக்கு அழைத்துப் போனார். துணிக்கடைகளுக்கு ஃபைபர் பொம்மை செய்கிற பட்டறை. அதுவரை அங்கே செய்த பெண் பொம்மைகளுக்கெல்லாம் வெள்ளைக்காரி உடம்பு. குதிகாலைத் தூக்கி, தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். புடவை கட்டினால் நிற்காமல் வழுக்குகிறது என்று கடைக்காரர்கள் குறை சொன்னதால், நம் ஊர்ப் பெண் உடம்பில் ஓர் அச்சு வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார்.

"வெளியாளு எதுக்கு? நீதான் கீறியே," என்றார் கணவர்.

என் மேலெல்லாம் வாசலைன் பூசி, பிளாஸ்டர் துணியை ஈரத்தோடு சுற்றினார். இறுகும்போது சுடும் என்று முன்னால் சொல்லவில்லை. அசையாதே, மூச்சை இழுத்துப் பிடி என்று மட்டும் சொன்னார். பாதியில் மயங்கி விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது உடைந்த இடுப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி நிற்க வைத்தார். அச்சைப் பிரித்தபோது கைகால்களில் இருந்த பூனைமுடியெல்லாம் அதோடு பிய்ந்து வந்தது.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. இடுப்பைக் குறை, கழுத்தை நீட்டு என்றார். நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு மதியம், என் கணவர் அரத்தை வைத்து என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலையில் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அந்த அச்சில் வார்த்த பொம்மைகளில், விரல் உடைந்து கடையிலிருந்து திரும்பி வந்த ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்தார். கோவில்பதாகையில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் அது நின்றது. எனக்கும் அது உபயோகப்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐடி வேலைக்குப் போகும் பெண்களின் புடவைகளுக்கு முன்கூட்டியே மடிப்பு எடுத்து, அயர்ன் செய்து கொடுப்பது என் தொழில். மடிப்பை அதன் இடுப்பில்தான் வைத்துப் பார்ப்பேன்.

மகள் பிறந்தாள். சிசேரியன். வயிறு தளர்ந்தது. நண்பர்கள் வந்தால் கணவர் பொம்மையின் தோளில் தட்டிச் சொல்வார்: "மாமே, இதாண்டா ஒரிஜினல். சமையக்கட்டுல கீறது டூப்ளிகேட்."

அவர்கள் சிரிப்பார்கள். நான் டீயை வைத்துவிட்டுப் போவேன். மகளும் சிரிப்பாள். குழந்தைதானே என்று விட்டுவிட்டேன்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வர ஆரம்பித்தது. பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பினால், என் டேப்பைப் பொம்மையின் இடுப்பில் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றே?"

அவள் பதறவில்லை. "உன்ன மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா கீதும்மா," என்றாள்.

அன்று சாயங்காலமே பொம்மையை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய் ரம்பத்தால் அறுத்தேன். ஃபைபர் தூள் பட்டுக் கையெல்லாம் அரித்தது. துண்டுகளைச் சாக்கில் கட்டினேன். கணவர் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார். மூன்றாம் நாள் ஆட்டோவில் இன்னொன்றோடு வந்து இறங்கினார். இதற்குத் தலை இல்லை.

"எத்தினி வேணா அறு. மோல்டு பட்டறைலதான் கீது. உன்ன எத்தினி தபா வேணாலும் ஊத்தி எடுப்பேன்."

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அந்த அச்சை என் எதிரில் உடைக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"எந்த மோல்டும்மா? பழசெல்லாம் ஒடச்சுப் போட்டு வருசமாச்சே. இப்ப கடைங்கள்ல தலையில்லாத பொம்மைதான் கேக்குறாங்க. எல்லாம் வெளியூர்லருந்து ரெடியா வருது. உங்க வீட்டுக்காரர் எடுத்துனு போனதும் அதுல ஒண்ணுதான்."

பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. முந்தின இரவு அதைப் பார்த்து நான் அழுதிருந்தேன், ஒரு காலத்தில் இப்படி இருந்தேனே என்று. யாரோ எங்கோ வார்த்த ஒன்றை என் உடம்பு என்று நம்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். "அது நான் இல்லடி. வெளியூர்ல செஞ்சு வந்த பொம்மை."

"தெரியும்மா," என்றாள். "காலடியில ஸ்டிக்கர் கீது. யாருதா இருந்தா இன்னா? அளவு நல்லாத்தானே கீது."

அடுத்த மாதம் பள்ளிக்கூடப் பிரேயரில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பெண் எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். கணவர் முந்திக்கொண்டார். "ஃபிகர மெயின்டெயின் பண்ணுது மேடம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்குக் கணவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால், இத்தனை வருஷம் டீ கொண்டுபோய் வைத்தவள் நான்தான்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அவளைக் கோவில்பதாகைக்கு அழைத்துப் போகவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் என் அக்கா வீட்டு மாடிக்குப் போனோம். இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறோம். கணவர் வந்து கூப்பிடவும் இல்லை.

மகள் இப்போது சாப்பிடுகிறாள், கொஞ்சம். ஆனால் நான் எதிரில் உட்கார்ந்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. சாப்பிடும்போது என் உடம்பு அவள் கண்ணில் படக் கூடாது. அதனால் தட்டில் போட்டு வைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை வெளியே மாடிப்படியில் போய் நிற்கிறேன்.