நான் சிஸ்டர் இல்லம்மா

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு ஜவுளிக்கடை. கடைக்கு லீவான ஞாயிறுகளில் உள்ளூர் நாடகக் குழுவில் நடிப்பேன். சென்ற வருடம், பாட்டை விட்டுவிட்டுக் கன்னியாஸ்திரீயான ஒரு பாடகியின் கதையைப் போட்டோம். பாடகி நான்தான். நாடகம் பந்தல்குடியில். மதியம் ஒத்திகை முடிந்ததும், கன்னியாஸ்திரீ உடையை மாற்றாமலே எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனேன்.

அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், எம்மக பிரசவமாகி மதுரை ஆஸ்பத்திரியில கெடக்கா. இன்னும் கண்ணு முழிக்கல. அவளுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க."

நாடகத்தில் நான் சொல்லும் ஜெபம் மனப்பாடம். சொல்லிவிட்டால் நிம்மதியாக பஸ் ஏறுவார் என்று வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடி நின்றதைப் பார்த்ததும் ஏமாற்ற மனம் வரவில்லை.

"நான் சிஸ்டர் இல்லம்மா. நாடகத்துக்கு வேஷம் போட்டிருக்கேன்" என்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். கையை மட்டும் விடவில்லை.

"இருக்கட்டும் தாயி. பஸ்ஸு வார வரைக்கும் எங்கூட இரு. தனியா நிக்க பயமா இருக்கு."

பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளின் சின்ன வயதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டேன். ஊர், பெயர் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அந்த மகள் கண் விழித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் நாடகம் நன்றாகவே நடந்தது. முன்பெல்லாம் துன்பத்தில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போகத் தயங்குவேன், என்ன பேசுவதென்று தெரியாமல். இப்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.