பாதி ஸ்டாம்ப்

லேத் பட்டறையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவர் அவர். மகனோடு மல்லுக்கட்டியதில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரே வார்ப்பு. மாதம் ஒரு கடிதம் மட்டும் எழுதுவார். அதிலும் பாதி ஸ்டாம்ப்தான் ஒட்டுவார்.

“ஐயா, ஸ்டாம்ப் குறையுது. குறையிறதுக்கு ரெண்டு மடங்கா உங்க பையன்கிட்ட கேப்பாங்க,” என்பாள் தபால் நிலையத்துப் பெண்.

“கேக்கட்டும்மா. முழுசா ஒட்டினா பெட்டியில போட்டுட்டுப் போயிடுவாங்க, அவன் பிரிக்காமலே கிழிச்சிடுவான். குறைச்சு ஒட்டினாத்தான் கதவைத் தட்டி ஆளைப் பார்ப்பாங்க.”

மகன் கல்லுளிமங்கன். ஒவ்வொரு தடவையும் உறைமேல் ‘வேண்டாம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிடுவான். அந்தக் கையெழுத்தைக் கிழவர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

“கை நடுங்கல. நல்லாத்தான் இருக்கான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது போதும் அவருக்கு.

போன மாதக் கடிதம் திரும்பி வரவில்லை. “வாங்கிட்டாம்மா,” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் சவரம் செய்துகொண்டு, வீட்டைவிட்டு நகராமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

சாயங்காலம் வாசலைப் பூட்டப் போனபோதுதான் கதவடியில் ஒரு கடிதம் கிடந்ததைப் பார்த்தார். மருமகள் எழுதியிருந்தாள்.

‘மாமா, மாரடைப்பில் அவர் தவறி இருபது நாளாகிறது. இருந்திருந்தால் இதையும் திருப்பித்தான் அனுப்பியிருப்பார். நான்தான் காசு கொடுத்து வாங்கினேன்.’

அவள் முழு ஸ்டாம்ப் ஒட்டியிருந்தாள். அதனால் தபால்காரர் கதவைத் தட்டவில்லை.