மண்ணுக்குள் வைத்த சட்டை

அக்காவின் வீட்டிலிருந்து மீட்டவற்றை என் சமையலறைத் தரையில் பழைய பேப்பர் விரித்துப் பரப்பியிருந்தோம். புட்டுப் பானை, தேங்காய்த் திருவலை, வளைந்துபோன இரண்டு தாச்சி, பிடி உருகிய கேத்தில். மொன்றியலில், கார்ட்டியர்வில் பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்ட் என்னுடையது. ஜன்னலைத் திறந்துவைத்தும் கரி மணம் போகவில்லை. சனியன்கள், எறிந்துவிட்டு வந்திருக்கலாம் என்று எனக்கு எரிச்சல். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவும் அத்தானும் வடக்கே, காட்டுக்கு நடுவிலுள்ள ஒரு சின்ன ஊரில் டெப்பனர் கடை, பாலும் பாணும் பியரும் விற்கிற மூலைக்கடை, வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் வீடு. அந்தக் கோடையில் காடு பற்றியது. புகையில் மொன்றியலில் எங்களுக்கே கண் எரிந்தது. உடனே வெளிக்கிடச் சொல்லிப் பொலிஸ் கதவைத் தட்டியபோது, அக்கம்பக்கத்துச் சனம் நாயையும் படங்களையும் காரில் ஏற்றிக்கொண்டிருக்க, இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பின்வளவில் கிடங்கு வெட்டினார்கள்!

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் விளங்கும். ஊரில் ஷெல்லுக்கு ஓடும்போது அருமந்த சாமானை மண்ணுக்குள்தான் வைப்போம். கையில் கொண்டுபோனது வழியில் தொலையும், மண்ணில் வைத்தது திரும்பி வரும்போது இருக்கும். அக்கா புதைத்தது ஓர் அரிசி டின். அதற்குள் பொலித்தீனில் சுற்றி, மகனுடைய சட்டை.

கடைசிச் சண்டையில் காணாமற்போனவன் அவன். பதினேழு வயது. அவன் கழற்றிப் போட்ட சட்டையை அவள் கழுவவே இல்லை. வன்னியில் ஒருமுறை புதைத்து, முகாமிலிருந்து விட்ட பிறகு போய்த் தோண்டி எடுத்தாள். பிறகு கைப்பையில் வைத்துக் கனடாவுக்குக் கொண்டு வந்தாள். அவன் வருவான் என்பது அவளுடைய பிடிவாதம். அதனால் அவனுக்குத் திவசமும் இல்லை, படத்துக்கு மாலையும் இல்லை.

நெருப்புத் தணிந்து அந்தச் சின்ன ஊருக்குள் திரும்பப் போக விட்டதும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். வீடு சாம்பல் மேடாகக் கிடந்தது. அக்கா அதைப் பார்க்காமல் பின்வளவுக்கு ஓடினாள். அத்தான் மண்வெட்டியைப் போட்டதும் மண்ணுக்குள்ளிருந்து புகை வந்தது. அங்கே நின்ற தீயணைப்புக்காரர் பிரெஞ்சில் சொன்னதை நான்தான் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, இஞ்சத்தை மண் எங்கடை மண் மாதிரி இல்லையாம். பாசியும் வேரும் மக்கின மண்ணாம். அதுவே எரியுமாம்."

"மண் எரியுமோடி? விசர்க் கதை கதையாதை."

டின் கறுத்திருந்தது. மூடியை நெம்பித் திறந்தோம். உள்ளே ஒரு பிடி கரி. ஐயோ, அவள் விரல் பட்டதும் அதுவும் பொடிந்தது. அடுப்பில் விட்டுவிட்டு ஓடிய புட்டுப் பானைக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அந்தப் பானையை அக்கா என் வீட்டில் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அத்தான் மெல்லத் தொடங்கினார். டின் அவர் மடியில் இருந்தது.

"இஞ்சரும், கோவிக்காதையும். இதை ஆத்திலை கரைச்சு, ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டியைச் செய்து விடுவம். பிள்ளை எத்தினை வருசம் அலையுறது?"

"வாயைக் கழுவுங்கோ! எரிஞ்சது சட்டை. என்ரை பிள்ளை இல்லை." அக்கா கையை உதறிக்கொண்டு எழும்பி என்னிடம் திரும்பினாள். "நீ வெளிக்கிடு. அவன் வந்தா மாத்திப் போட ஒரு சட்டை வாங்கி வைக்கோணும்."

அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. டவுன்டவுனில் ஓர் ஆண்கள் உடுப்புக் கடைக்குக் கூட்டிப்போனேன். நீலக் கோடு போட்ட ஒன்றை அவள் எடுத்தாள். என்ன சைஸ் வேண்டும் என்று கடைப் பெண் கேட்டாள். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

அக்கா அந்தச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வைத்துவிட்டு, அதைவிடப் பெரியது ஒன்றை எடுத்தாள். அதையும் வைத்தாள். இப்போது அவனுக்கு முப்பது தாண்டியிருக்கும்.

"எனக்குத் தெரியேல்லையடி," என்றாள். "என்ரை பிள்ளையின்ரை அளவு எனக்குத் தெரியேல்லை."

அப்படியே கடை நடுவே நிலத்தில் குந்தி, தலையில் அடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். அவனுக்காக அவள் ஒப்பாரி வைத்தது அதுதான் முதல் தடவை.