உப்பாறு தாண்டினால் நிற்கும் கார்

என் கணவருக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் நான் கார் ஓட்டப் பழகினேன். ஐம்பதை நெருங்கும் வயது எனக்கு. வீடு திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம். மூதூரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். போக வர பஸ்தான். அவருடைய பழைய ஜப்பான் கார் முற்றத்தில் படங்கு மூடிக் கிடந்தது. அதை விற்கவும் அவருக்கு மனமில்லை, என் கையில் தரவும் மனமில்லை. கடைசியில் ஒருநாள் கார்த் திறப்பைத் தந்தார்.

நகரத்துக்குள் ஓட்டிப் பழகியவரை கார் ஒரு தொல்லையும் தரவில்லை. மூதூருக்குக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகுதான் கரைச்சல். சீனக்குடா தாண்டும், கிண்ணியாப் பாலம் தாண்டும். உப்பாறு தாண்டியதும் இழுவை குறையும். அக்சிலரேட்டரை மிதித்தால் திக்கித் திக்கி இழுத்து, வீதியோரத்தில் நின்றுவிடும். சற்று நேரம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். சில நாட்களில் நிற்காமலே போய்ச் சேர்ந்துவிடும். அதுதான் பெரிய வேதனை. இன்றைக்கு எப்படியோ என்ற யோசனையுடனேயே வீட்டிலிருந்து வெளிக்கிடவேண்டும்.

"நீர் கிளச்சில காலை வச்சுக்கொண்டே ஓட்டுறீர் போல" என்றார் கணவர்.

"இல்லை."

"அப்ப கியர் பிழையாப் போடுறீர்."

"பிழையாப் போட்டா உப்பாறு வரைக்கும் எப்பிடிப் போனனான்?"

அவர் நம்பவில்லை.

நகரத்தில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் கிண்ணியாக்காரர், பொறுமையான மனிதர். பிளக் மாற்றினார், கொயில் மாற்றினார், காபுரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு முறையும் மீன் சந்தைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு குறையும் இல்ல டீச்சர்" என்பார். என் தம்பி கிட்டவுள்ள நிலாவெளிக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்தான். அவனுக்கும் நிற்கவில்லை. "அக்கா, இது கார்ப் பிழை இல்லை" என்று சொல்லித் திறப்பை மேசையில் வைத்தான். மிச்சத்தை அவன் சொல்லவில்லை.

கணவர் இன்னொரு யோசனை சொன்னார். "டாங்கில பெற்றோல் குறைஞ்சா அடிக் கசடு ஏறும். எப்பவும் நிரப்பி வையும்." நிரப்பி வைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் மோசம். தவணைப் பரீட்சையன்று கிண்ணியாப் பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. வினாத்தாள்கள் என் பையில். நான் பிந்திப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளைகள் மண்டபத்தில் காத்திருக்க, பாடசாலை அதிபர் வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏசவில்லை. "டீச்சர், நீங்கள் பஸ்ஸிலயே வாங்கோவன்" என்றுமட்டும் சொன்னார்.

அந்த வாரம் நானே என்னைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். கால் எங்கே இருக்கிறது என்று தெரியட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஓட்டினேன். கார் அப்போதும் நின்றது.

ஒரு பின்னேரம் மாணவரின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, மற்றவர்கள் ஓட்டுவதற்கும் நான் ஓட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். தூரம்தான். யாருமே என் தூரத்துக்கு ஓட்டிப் பார்க்கவில்லை. அடுத்த நாளே கராஜுக்குப் போனேன்.

"நீங்கள் ஓட்டவேண்டாம். பக்கத்தில இருந்து மூதூர் வரைக்கும் வாங்கோ. நான் ஓட்டுறன்."

அவர் தலையைச் சொறிந்தார். "தங்கச்சியை அங்கதான் முடிச்சுக் குடுத்திருக்கு. சனிக்கிழமை நானும் போகத்தான் இருக்கன். சரி டீச்சர்."

தானும் வருவதாகச் சொல்லிக் கணவர் பின்சீற்றில் ஏறினார். டாங்கில் பாதிக்கு மேல் பெற்றோல் இருந்தது. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு மெக்கானிக் பின்னால் திரும்பி, "டீச்சர்ட ஓட்டத்தில ஒரு பிழையும் இல்ல" என்றார். கணவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பாறு தாண்டியதும் இழுவை குறைந்தது. கார் திக்கி நின்றது. வாழ்க்கையில் ஒரு கார் நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மெக்கானிக் இறங்கி பொனற்றைத் தூக்கினார். பிளக் வயரைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நெருப்புப் பொறி நன்றாக வந்தது. பிறகு காபுரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினார். ஒன்றிரண்டு துளிதான் வந்தது. "பெற்றோல் வருகுதில்ல" என்று தனக்குத்தானே சொன்னவர், சற்று நின்று யோசித்துவிட்டு என்னிடம் திறப்புக் கொத்தை வாங்கிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். டாங்க் மூடியின் பூட்டைத் திறந்து திருகினார்.

'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். பின்சீற்றிலிருந்த கணவருக்கும் அது கேட்டது.

குழாயை மாட்டி, மூடியை இறுக்காமல் வைத்துவிட்டு, திறப்புக் கொத்தைத் திருப்பித் தந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உடனே பிடித்தது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில காத்துப் போற ஓட்டை இல்ல. பெற்றோல் வெளிய போகப் போக உள்ள காத்து வரவேணும். வராட்டி டாங்கே பெற்றோலை விடாம இழுத்துப் பிடிக்கும். நிரப்பி வச்சா உள்ள காத்துக் குறைவு, இன்னும் கெதியாப் பிடிக்கும். இந்த மூடியை ஆர் போட்டது?"

"நான்தான்" என்றார் கணவர்.

தட்டுப்பாடு வந்து பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், நிறுத்தியிருக்கும் வாகனங்களிலிருந்து பெற்றோலை உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பூட்டுள்ள மூடி ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டிருந்தார். அந்த நாட்களில் டாங்க் நிறைந்ததுமில்லை, கார் தூரம் போனதுமில்லை. அதனால் அதன் குணம் தெரியவரவில்லை.

மெக்கானிக் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக்கணக்காக மனதில் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன்.

மெக்கானிக்கை மூதூரில் தங்கை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். பாதி வழியில் கணவர் சொன்னார்: "நான் சொன்னது பிழை."

"எது? கிளச்சா, கியரா?"

"ரெண்டும். டாங்க் நிரப்பச் சொன்னதும்தான்."

அடுத்த வாரம் பழைய சாமான் கடையொன்றில் பொருத்தமான மூடி கிடைத்தது. அதற்குப் பிறகு கார் ஒருநாளும் வழியில் நிற்கவில்லை.

மூடி மாற்றிய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்து முன்சீற்றில் ஏறி இருந்தார். நான் ஓட்ட என் பக்கத்தில் தானாக வந்து இருந்தது அதுதான் முதல் தடவை.

"சல்லிக் கடற்கரைப் பக்கம் ஒருக்காப் போவமா?"

"ஓம், போவம்."

கடற்கரையில் வள்ளங்களை இழுத்து ஏற்றியிருந்தார்கள். கருவாடு காயும் மணம் காருக்குள் வந்தது. கண்ணாடியை ஏற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.