ரொட்டிக் கல்லின் முன்னால் தாழ்ந்த தரை

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இது நடந்தது. தச்சு வேலை செய்யும் வாசு கதை கட்டுகிற ஆள் இல்லை. யாராவது பேய்ப் பேச்சை எடுத்தால், "வேற வேல இல்லையா லா?" என்று எழுந்து போய்விடுவார். அந்த மனிதரே சொன்னதுதான் இது.

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் லோரிகள் நிற்கும் இடத்தில், கால்கள் மேல் தூக்கி நிறுத்திப் பலகைத் தரை போட்ட ஒரு பழைய இரும்புக் கேபின். அதுதான் சந்திரகலா அக்காவின் சாப்பாட்டுக் கடை. கணவர் பக்கிரிசாமி கனத்த உடம்புக்காரர். விடிந்ததிலிருந்து கல்லின் முன்னால் நின்று பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போட்டுக்கொண்டே இருப்பார். போன மழைக்காலத்தில் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. அதற்கப்புறம்தான் அந்த இடத்தில் தரை தாழ ஆரம்பித்தது. அதைச் சரிசெய்யாவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்று மாநகர் மன்றத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளையும் இல்லை, அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை.

தரையைச் சரிசெய்ய வாசு போன அன்று மதியமே இருட்டிக்கொண்டு மழை. பழைய பலகையைப் பெயர்த்தார். உளுத்திருக்கும் என்று நினைத்தார். உளுக்கவில்லை. அடியில் இருந்த இரும்புச் சட்டமும் நேராகவே இருந்தது. பிறகு எப்படித் தாழ்ந்தது?

புதுப் பலகையைப் போட்டு முடுக்கினார். கைதவறிய ஸ்க்ரூ ஒன்று உருண்டு போனது... பாதி வழியில் எதிலோ முட்டி நின்றது. அங்கே ஒன்றும் இல்லை.

க்ரீச்...

புதுப் பலகையும் தாழ்ந்தது. அதே இடத்தில்.

கேபினுக்கு அடியில் புகுந்து லோரி ஜாக்கியைக் கொடுத்தார். ஜாக்கி ஏறவில்லை. மேலே பலகை முனகியது. யாரோ கால் மாற்றி நிற்கிறார்கள்...

"அக்கா, மேல நிக்காதீங்க!"

"நான் வெளியதானே இருக்கேன் வாசு."



வெளியே வந்த வாசுவின் முகத்தை அக்கா பார்த்தார். உள்ளே போய், ஆளில்லாத அந்த இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க... கட போயிரும்ங்க. கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க."

பலகை சட்டென்று மேலே எழும்பியது.

வாசுவின் தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. மாவு வாசனை...

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வீட்டில் எவ்வளவு சண்டை வந்தாலும் அந்த மனிதரை ஒருநாளும் அவர் வெளியே போகச் சொன்னதில்லையாம். பார்க்கவே பாவமாக இருந்தது. வாசு மிச்ச வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வாரம் மன்றத்து அதிகாரி யுகேந்திரன் வந்தார். சின்ன வயதுக்காரர். அன்றும் மழை. வாசுவும் கூட இருந்தார். அதிகாரி தரையில் குதித்துப் பார்த்தார்.

"ஸ்ட்ராங்கா இருக்கு ஆன்டி. லைசென்ஸ் கெடச்சிரும்."

குடையை விரிக்கப் போனவர் தயங்கினார்.

"வெளிய ஒரு அங்கிள் மழையில நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாரு. பெரிய உடம்பு. நான் வர்றப்ப உள்ள வாங்கன்னேன், வரல. 'வீட்டுக்காரி இன்னும் கூப்பிடல'ங்கறாரு."

செருப்புகூடப் போடாமல் அக்கா மழைக்குள் ஓடினார். அங்கே யாரும் இல்லை.

கடை இன்றைக்கும் நடக்கிறது. தினமும் கதவைத் திறந்ததும் அக்கா வாசலில் நின்று, "உள்ள வாங்க" என்று கூப்பிடுகிறார். ஆனால் அந்தத் தரை அதன்பிறகு தாழவே இல்லை.