வாடையும் ‘வாடா’வும்

அந்தப் பெரிய கடையின் கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் இடது கைப்பக்கம் இருந்தது சென்ட் விற்கும் பகுதி. அங்கே முப்பத்தொரு வருடமாக நின்றுகொண்டிருந்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மேல்மாடித் துணிப் பிரிவிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘சென்ட்டு’தான். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார்களே, அவர் விஷயத்தில் அது அப்படியே உண்மை. அவர் வருவதற்கு முன்பே படிக்கட்டு சொல்லிவிடும்.

தொழிலில் கெட்டிக்காரர். யாராவது கதவருகில் தயங்கினால் போதும், மூக்கில் வேர்த்தாற்போல் பக்கத்தில் போய் நிற்பார். பெண்டாட்டியுடன் சண்டை போட்டுவிட்டு வந்தவனுக்கு எது, முதல் சம்பளம் வாங்கியவளுக்கு எது, வயதை ஒப்புக்கொள்ளாத முதலாளிக்கு எது என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பார். காகிதப் பட்டையில் ஒரு பீச்சு, இரண்டு ஆட்டு, பத்து எண்ணும்வரை பொறுங்கள் என்பார். முதலில் வருவது வெறும் மினுக்கு, கடைசியில் நிற்பதுதான் சரக்கு என்பது அவருடைய பாடம். பட்டை தீர்ந்தால் தன் கையிலேயே அடித்துக் காட்டுவார். சாயங்காலம் ஆகும்போது இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று, முழங்கை மடிப்பில் இரண்டு, காலரில் எத்தனை என்று அவருக்கே தெரியாது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும்.

இவ்வளவு வாசனையைச் சுமந்த மனிதருக்குத் தனக்கென்று ஒரு வாசனை இல்லை. ஐம்பத்தாறு வயது வரை அது அவருக்குத் தெரியாது. அம்மாவால்தான் தெரிந்தது.

அம்மா தங்கை வீட்டில் இருந்தாள். கண்ணில் அழுத்தம் வந்து பார்வை போய் ஆறு வருடம் ஆயிற்று. காது பாதிக்குமேல் மந்தம். ஒரு வருடமாக ஞாபகமும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூக்கு மட்டும் குண்டுக்கல்லாக இருந்தது. வந்தவர் யார் என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். தங்கை வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். மெஷின் எண்ணெயும் இஸ்திரிச் சூடும் கலந்து பக்கத்தில் வந்தால் ‘வந்துட்டியாடி’ என்பாள். தங்கையின் கணவருக்கு ரொட்டி சுடும் வேலை. அவர் படியில் கால் வைக்கும்போதே, மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடு என்று உள்ளே குரல் கொடுப்பாள். பெற்ற பிள்ளை வெள்ளிக்கிழமை தவறாமல் போய் நின்றார். அவரைப் பார்த்துத்தான் அவள் சொன்னாள்:

“வாங்க. உக்காருங்க.”

நம் மொழியில் மரியாதை இருபக்கமும் கூரான கத்தி. ஊரார் ‘நீங்க’ என்றால் உச்சி குளிரும். பெற்றவள் சொன்னால், உன்னை வாசலோடு நிறுத்திவிட்டேன் என்று அர்த்தம். கடைசியாக அவள் ‘வாடா’ என்றது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அது கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதலில் எல்லோரும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு வாசனையில் போனதால் வாரத்துக்கு ஓர் ஆள் வருவதாக அம்மா நினைத்துக்கொண்டாள். போன வாரம் வந்தவர்மேல் மரம் அறுத்த வாசனை, நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார் என்று அவரிடமே அவரைப் பற்றிச் சொன்னாள். அதற்கு முந்திய வாரத்து எலுமிச்சம்பழக்காரருக்கு எப்போதும் அவசரம், உட்கார்ந்ததுமே போகணும் போகணும் என்றாராம். அத்தையைப் பார்க்க மச்சான் ஒருத்தர் மட்டும் வருவதில்லை, ஒரு பஸ் ஜனமே வருகிறது என்று ரொட்டிக்காரர் சொல்ல, இவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு அம்மாவின் காதருகில் குனிந்து, நான்தான்மா, உன் பையன் என்று சத்தமாகச் சொன்னார். அவள் மரியாதை குறையாமல் புன்னகை செய்தாள். பையன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான், வருகிற நேரம்தான் என்றாள்.

அன்று பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஐம்பத்தாறு வயது மனிதர் அழுவதை யாரும் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் ஒரு தடவை, ஒரே தடவை, ‘வாடா’ என்று கூப்பிட வேண்டும்.

பள்ளிக்கூடம் என்ற சொல் அவரைச் சுருக்கென்று தைத்ததற்குக் காரணம் இருந்தது.

அம்மா செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை பார்த்தவள். விடிந்தால் பசை டப்பா, பொழுது சாய்ந்தால் பசை டப்பா. பஞ்சர் கடையைத் தாண்டும்போது மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அது அவள் தலைமுடியிலும் துணியிலும் விரல் இடுக்கிலும் குடியிருந்தது. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் மூன்று பேரையும் ஒட்டிவைத்திருந்ததும் அந்தப் பசைதான். வேலை முடிந்து வந்து அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் பையன் அவள் விரல்களில் காய்ந்திருக்கும் பசையை உரிக்க ஆரம்பிப்பான். வெங்காயச் சருகு மாதிரி வரும். கிழியாமல் ஒரு விரல் முழுதாக உரிந்து வந்தால் அவனுக்கு வெற்றி. அந்த நெடி அவனுக்கு அப்போது நெடியாகவே தெரிந்ததில்லை. அம்மா என்றால் அந்த மாதிரிதான் இருப்பாள் என்று நினைத்திருந்தான்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பெற்றோரை வரச் சொன்னார்கள். அவள் வேலையிலிருந்து நேரே, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்தாள். பின்பெஞ்சில் ஒருவன் மூக்கைப் பிடித்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் வகுப்பே பிடித்துக்கொண்டது. டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். திரும்பும் வழியில் பையன் பத்தடி முன்னால் நடந்தான். வீட்டு வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

“நீ இனிமே பள்ளிக்கூடத்துக்கு வராதே. நாறுது.”

எத்தனை சொல் இருக்கிறது நம்மிடம்! மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறோம். நாற்றம் என்ற சொல்லுக்கே ஒரு காலத்தில் நல்ல மணம் என்றுதான் பொருளாம், படித்தவர்கள் சொல்கிறார்கள். பத்து வயதுப் பையனுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. இருந்ததிலேயே கூரானதை எடுத்து வீசினான். அவள் ‘சரிடா’ என்றாள், அவ்வளவுதான். முதுகில் நாலு வைத்திருந்தால் தேவலை, விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. அவன் வீடு திரும்பும்போது குளித்து, தலை ஈரத்தோடு இருப்பாள். அதற்காக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து அரைமணி முன்னதாகக் கிளம்பினாள் என்பது வெகுகாலம் கழித்துத் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. விரல்களைக் கல்லில் தேய்த்து அவளே சுத்தம் செய்துகொண்டாள். அவன் பக்கத்தில் உட்காராமல் எதிரே தள்ளி உட்கார்ந்தாள். அவன் பதினாறு வயதில் முதல் சென்ட் பாட்டில் வாங்கினான், இருபத்தைந்தில் அதை விற்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்தான். அவன் கல்யாணத்தன்று எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டபோது அம்மா கூட்டத்தின் ஓரத்தில், திறந்திருந்த ஜன்னலுக்குப் பக்கமாக நின்றாள். மாப்பிள்ளை அதைக் கவனித்தார். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் அங்கே நின்றது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் கழித்து அவரை அரித்தது அந்த ‘நாறுது’கூட இல்லை. அது பிள்ளை வாய், ஏதோ தெரியாமல் வந்தது. நிம்மதிப்பட்டவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

யோசித்து யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மேலே ஏற்றிவைத்த வாசனையை எல்லாம் இறக்கிவிட்டால் அடியில் பையன் இருப்பான், அம்மாவின் மூக்கு அவனைப் பிடித்துவிடும். தொழில்புத்தி அவரை அப்படி நினைக்க வைத்தது. கடையில் மூன்று வாரம் லீவு கேட்டார். இத்தனை வருடத்தில் கேட்காதவர் கேட்கிறாரே என்று மேலாளர் பதறிப்போய் யாருக்கு உடம்பு சரியில்லை என்றார். மூக்குக்கு என்றார் இவர்.

சோப்பு இல்லை, பவுடர் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. வெறும் தண்ணீரில் இரண்டு வேளைக் குளியல். சட்டைகளை வெந்நீரில் ஊறப்போட்டு மூன்று தண்ணீர் அலசினார், காலர் அப்போதும் விடுவதாக இல்லை. புதுச் சட்டை வாங்கினால் அதில் கடை வாசனை வந்தது. கடிகாரத்தின் தோல்வாரைக் கழற்றித் தூரப் போட்டார். மனைவி நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனவள், இத்தனை வருடமாகத் தான் யாரோடு குடித்தனம் செய்தோம் என்பது இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தினமும் காலையில் அவர் முழங்கையை மூக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பார். நாற்பது பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும் மூக்குக்குச் சொந்தத் தோலில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தங்கைக்குப் போன் போட்டு, சின்ன வயதில் தன்மேல் என்ன வாசனை வரும், ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

“நீதான் எப்பவும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டே இருப்பியே அண்ணா. உன் வாசனைன்னு எதை எங்ககிட்ட விட்டுவச்சே?”

குத்திக்காட்டிச் சொன்னதல்ல. அவளுக்கு உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை அவர் போகாமல் இருந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், அலசி அலசிச் சாயம் போன ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கதவைத் திறந்து, அவரை ஒருமுறை மோந்து பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். அம்மா காலையில் குளித்தவள், மறுபடியும் குளிக்க வேண்டும் என்று அடம்பிடித்து இப்போதுதான் முடித்திருக்கிறாள் என்றாள். வெள்ளிக்கிழமை என்றால் அவளுக்கு இதே வேலையாம்.

அம்மா கட்டில் விளிம்பில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகம் மெல்லத் திரும்பியது. மூக்கு விடைத்தது. ஒருமுறை இழுத்தாள், இன்னொருமுறை இழுத்தாள். மூன்றாவது முறை அவர் தோள் வரைக்கும் சாய்ந்து வந்தாள்.

“யாருன்னு தெரியலையே. உங்ககிட்ட ஒண்ணுமே வரலையே” என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்கக்கூடாது என்றாள். பிறகு இரண்டு கையையும் அவர் இருந்த பக்கமாக நீட்டினாள்.

“கொஞ்சம் மோந்து பாருங்க. பசை வாடை வருதா? எம்பொண்ணைக் கேட்டா இல்லம்மான்னு பொய் சொல்லிடுவா. நீங்க வெளியாளு, உள்ளதைச் சொல்லுவீங்க. பையன் பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். அவனுக்கு இந்த வாடை ஆகாது.”

நாற்பத்தாறு வருடம் கழித்து அந்தக் கைகளைப் பிடித்து முகத்தருகே கொண்டுவந்தார். சோப்பு, அதற்கடியில் வயதான தோல், வேறொன்றும் இல்லை. தொழிற்சாலையை விட்டு அவள் வந்தே இருபது வருடத்துக்குமேல் ஆகிறது. அவள் முகத்தை இவர் பக்கம் வைத்து, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாடையும் இல்லம்மா என்று அவள் காதில் சொன்னார். நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றார். அப்படியென்றால் இன்றைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவான் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே நிற்பான், கூச்சக்காரன், உள்ளே வரச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். தங்கை மெஷினுக்கு முன்னால் தைத்த துணியை மடியில் போட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி உள்ளே வந்து, கட்டிலருகில் மண்டியிட்டு, அவள் காதோரம் சொன்னார்:

“அம்மா, வந்துட்டேம்மா.”

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். முகத்தில் இருந்த ஆவல் மெதுவாக மரியாதையாக மாறியது.

“நீங்களா? அவன் வரலையா?”

வந்துகொண்டிருக்கிறான் என்று அவர் சொன்னார். வேறென்ன சொல்வார்? அவள் கையை மறுபடியும் முகர்ந்து பார்த்துக்கொண்டாள். பிறகு எதிலும் நம்பிக்கை இல்லாதவள்போல் கட்டிலை விட்டு இறங்கி, அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ அவன் வர்றதுக்குள்ள இன்னொரு தடவை கழுவிட்டு வந்துடறேன். குழாய்கிட்ட கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?”

அவர் கூட்டிக்கொண்டு போனார். சோப்பு எங்கே இருக்கிறது என்று தங்கையைக் கேட்டு வாங்கி, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டார்.